மூன்று தடவை அழித்துப் போட்டும் எழும்பாத மைஎஸ்கியூஎல்

கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டில் அப்பளத் தொழில். பில் போடவும், கடைகளுக்குப் போகும் சரக்குக் கணக்கு வைக்கவும் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் ஒன்று ஓடுகிறது. அதற்கு அடியில், கணக்கை எல்லாம் சேமித்து வைக்க மைஎஸ்கியூஎல் 8.0 என்கிற டேட்டாபேஸ் வேண்டும். புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கி அதில் மைஎஸ்கியூஎல் போட்டிருக்கிறார். போடும்போது பச்சை டிக் எல்லாம் வரிசையாக வந்திருக்கிறது. சி டிரைவில் இடம் குறைவு என்று டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றியிருக்கிறார். அதோடு சரி, பின்னணியில் தானாக ஓட வேண்டிய அதன் சர்வீஸ் எழும்பவே இல்லை. 'சேவை தொடங்கி, பிறகு நின்றுவிட்டது. பயன்பாட்டில் இல்லாதபோது சில சேவைகள் தானாக நின்றுவிடும்' என்கிற மாதிரி விண்டோஸ் ஒரு பெட்டி காட்டுகிறது. மூன்று தடவை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் அதே கதை. "எர்ரர் லாக்கையும் பார்த்துட்டேன் அண்ணாச்சி, அதுல இன்னைக்குத் தேதியே இல்ல. சவம் எதுக்கு நிக்குன்னே தெரியல" என்று முடித்திருந்தார்.

அவர் அனுப்பிய விவரத்தில் இன்னும் மூன்று துண்டு இருந்தது. மைஎஸ்கியூஎல்லின் அமைப்புகளை எழுதி வைக்கிற மை.இனி கோப்பில், டேட்டா இருக்கும் இடத்தைச் சொல்கிற டேட்டாடிர் என்பதற்கு நேரே டி:\நெல்லை\டேட்டா என்று போட்டிருக்கிறார். ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து. அடுத்தது, கல்லூரிக் காலப் பழக்கத்தில் அதே கம்ப்யூட்டரில், இணையதளம் செய்து பழகுகிறவர்கள் போடுகிற எக்ஸாம்ப் தொகுப்பையும் போட்டு வைத்திருக்கிறார். கடைசியாக, ஒவ்வொரு தடவை புதிதாகப் போட்டபோதும் திரும்ப மாற்றச் சோம்பல்பட்டு, பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த அதே மை.இனியை ஒட்டியிருக்கிறார். வீட்டை மூன்று முறை இடித்துக் கட்டியாயிற்று, உள்ளே இருந்த பாம்பை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, பால் காய்ச்சும் அன்றைக்குத் திரும்ப உள்ளே விட்டிருக்கிறார்.

தம்பி, பாம்பு அந்த மை.இனியில் டேட்டா பாதைக்கு நடுவே நீங்கள் போட்ட சாய்ந்த கோடுதான். அதைத் திருத்தினால் பெரும்பாலும் அடுத்த தடங்கலுக்கு வருவீர்கள், அதைத் தாண்டினால் அதற்கு அடுத்தது. மைஎஸ்கியூஎல் எழும்பும்போது ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகும். முதல் கதவிலேயே மூக்கு உடைந்தால் உள்ளே இருக்கிற கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்பதே தெரியாது. அதனால் ஒன்றைச் சரிசெய்த பிறகும் ஓடவில்லை என்றால் 'அது காரணம் இல்லை போல' என்று பழையபடி மாற்றிவிடாதீர்கள். புதிதாக என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேறு வார்த்தை சொன்னால் ஒரு கதவு தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத்தான் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விண்டோஸ் பெட்டியை மறந்துவிடுங்கள். அது மைஎஸ்கியூஎல் பேசுவது அல்ல. ஒரு நிரலைத் தொடங்கினோம், அது உடனே வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான் விண்டோஸுக்குத் தெரியும். 'பயன்பாட்டில் இல்லாததால் நின்றிருக்கலாம்' என்பது அது எல்லாச் சேவைக்கும் வைத்திருக்கிற பொதுச் சமாதானம். சிலருக்கு 1067 என்று ஒரு எண் வரும். அதற்கும் அர்த்தம் அதேதான்: எதிர்பாராமல் முடிந்துவிட்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் 'உடம்பு சரியில்லை' என்ற ஒரே வார்த்தையை வைத்து மருந்து வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

மைஎஸ்கியூஎல் தன் காரணத்தை எழுதுகிற இடம் வேறு, அதுதான் எர்ரர் லாக். சாதாரணமாக சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்கிற ஃபோல்டர், அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0, அதற்குள் டேட்டா. புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும், புரோகிராம் ஃபைல்ஸ் வேறு, இது வேறு. பாதிப் பேர் புரோகிராம் ஃபைல்ஸில் போய்த் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்பார்கள். முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டினால் திறந்துவிடும். டேட்டாவுக்குள் உங்கள் கம்ப்யூட்டர் பெயரோடு, .எர்ர் என்று முடிகிற ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து அடிக்குப் போங்கள்.

அடியில் 'அபார்ட்டிங்' என்று இருக்கும். எல்லோரும் அந்த வரியைத்தான் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அது ஆள் இறந்துபோனார் என்பதற்கான சான்றிதழ். எதனால் இறந்தார் என்பது அதில் இருக்காது. அங்கிருந்து மேலே ஏறி, கடைசியாக அது தொடங்க முயன்ற நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் இருந்து கீழே இறங்கும்போது 'எர்ரர்' என்று அடைப்புக்குள் வருகிற முதல் வரி எதுவோ, அதுதான் வேண்டியது. அதற்குக் கீழே வருகிற எர்ரர்கள் எல்லாம் பெரும்பாலும் முதலாவதன் பிள்ளைகள். வார்னிங் என்று வருவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். கோப்பில் இருக்கிற நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும், குழம்ப வேண்டாம். காலை பத்து மணிக்கு நீங்கள் தட்டியது அங்கே நான்கரை என்று பதிவாகியிருக்கும்.

சரி, உங்கள் லாக்கில் ஏன் இன்றைய தேதியே இல்லை? அந்த .எர்ர் கோப்பின் இடத்தை மை.இனி தனியாகச் சொல்வதில்லை, வெறும் பெயரை மட்டும் சொல்கிறது. பெயர் மட்டும் இருந்தால் மைஎஸ்கியூஎல் அதை டேட்டா ஃபோல்டருக்குள் தேடும். நீங்கள் டேட்டா ஃபோல்டரை மாற்றியாயிற்று. பழைய இடத்தில் இருப்பது பழைய லாக். புதிய இடத்தையோ அதனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, பிறகு எங்கே எழுதும்? புலம்புவதற்கும் ஒரு திண்ணை வேண்டுமே. இப்படி லாக் மௌனமாக இருப்பதே ஒரு துப்பு. பாதையிலோ அனுமதியிலோதான் கோளாறு என்று பாதி முடிவுக்கு அப்போதே வந்துவிடலாம்.

லாக் பேசாதபோது வாயைத் திறக்க வைக்க ஒரு வழி இருக்கிறது. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0-க்குள் இருக்கிற பின் ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே மைஎஸ்கியூஎல்டி, ஒரு இடைவெளி, இரட்டைக் கோடு போட்டு டிஃபால்ட்ஸ்-ஃபைல், சமக்குறி, உங்கள் மை.இனியின் முழுப் பாதை மேற்கோளுக்குள், பிறகு இடைவெளி விட்டு இரட்டைக் கோடு கன்சோல். டிஃபால்ட்ஸ்-ஃபைல் முதலில்தான் வர வேண்டும், கன்சோலை முன்னால் போட்டால் கேட்காது. என்டர் தட்டினால் லாக்கில் எழுத வேண்டியதை எல்லாம் அது திரையில் கொட்டும். ஓடினால் கர்சர் அப்படியே நிற்கும், நின்றுபோனால் காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கும். பார்த்து முடித்ததும் கண்ட்ரோல் சி போட்டு அதை நிறுத்திவிட வேண்டும். மறந்து அந்தக் கறுப்பு ஜன்னலை ஓடவிட்டுவிட்டு சர்வீஸைத் தொடங்கினால், ஒரே டேட்டாவுக்கு இரண்டு பேர் சண்டை போட்டு மறுபடி நிற்கும். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் நான் இப்படி என் ஜன்னலையே மறந்துவிட்டு முக்கால் மணி நேரம் திண்டாடியிருக்கிறேன். கடைக்காரர் இரண்டாவது காபி சொல்லி அனுப்பிய பிறகுதான் கீழே பட்டையில் அது கண்ணில் பட்டது.

இப்போது அந்தச் சாய்ந்த கோடு. விண்டோஸில் ஃபோல்டர் பாதைக்கு நாம் பேக்ஸ்லாஷ் போடுகிறோம். மைஎஸ்கியூஎல்லின் மை.இனியில் பேக்ஸ்லாஷுக்கு வேறு வேலையும் உண்டு. அதற்குப் பின்னால் சில எழுத்துகள் வந்தால் இரண்டையும் சேர்த்து வேறொன்றாகப் படிக்கும். பேக்ஸ்லாஷும் சின்ன 'என்'னும் சேர்ந்தால் புது வரி. சின்ன 'டி' சேர்ந்தால் டேப். 'எஸ்' சேர்ந்தால் இடைவெளி, 'ஆர்' சேர்ந்தால் வண்டியைத் திருப்பும் குறி, 'பி' சேர்ந்தால் ஓர் எழுத்து பின்னால் போகும் குறி. மற்ற எழுத்து வந்தால் ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிடும். உங்கள் பாதையை அது எப்படிப் படித்தது என்று பாருங்கள்: டி, முக்காற்புள்ளி, அப்புறம் ஒரு புது வரி, அப்புறம் 'என்' போன மிச்சம் 'எல்லை', அதற்குப் பின்னால் \டேட்டா. அப்படி ஒரு ஃபோல்டர் உலகத்தில் எங்கும் இல்லை. 'டேட்டாடிரை அமைக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ கிடையாது' என்று பிழை எண் 2 சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நம்மூர் ஆட்களுக்கு இது கொஞ்சம் விசேஷமான கண்ணி. ஊர்ப் பெயரை ஃபோல்டருக்கு வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. நெல்லை என்று வைத்தால் மாட்டும். தென்காசி மாட்டும், ராதாபுரம் மாட்டும், சங்கரன்கோவில் மாட்டும், 'பில்' என்று வைத்தால் அதுவும் மாட்டும். அம்பை, வள்ளியூர், களக்காடு, பாபநாசம் எல்லாம் தப்பித்துவிடும். உங்கள் சொந்த ஊர்ப் பெயரைக் கல்லிடை என்று வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது! நெல்லையின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கும், இந்தச் சேட்டை சின்ன எழுத்துக்குத்தான். பக்கத்துக் கடையில் இதே மாதிரி செய்து ஓடுகிறதே என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். அவர் வைத்த பெயர் வேறாக இருக்கும்.

தீர்வு சுலபம். மை.இனிக்குள் பாதை எழுதும்போது முன்பக்கம் சாயும் கோட்டைப் போடுங்கள், இணைய முகவரியில் வருகிறதே அது. டி:/நெல்லை/டேட்டா. விண்டோஸில் மைஎஸ்கியூஎல் அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொரு பேக்ஸ்லாஷையும் இரண்டிரண்டாகப் போடலாம், எனக்கு அது கண்ணுக்குப் பிடிக்காது. பென்டிரைவில் இருக்கிற பிரதியையும் மறக்காமல் திருத்துங்கள், அல்லது அழித்துவிடுங்கள்.

மை.இனியைத் தொட்டவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வழக்கமான விபத்து உண்டு. நோட்பேடில் சேமிக்கும்போது மை.இனி.டிஎக்ஸ்டி என்று ஆகிவிடும். விண்டோஸ் வால் எழுத்தை மறைத்துக் காட்டுவதால் சரியாக இருப்பதுபோலத் தெரியும், மைஎஸ்கியூஎல் பழைய கோப்பையே படித்துக்கொண்டிருக்கும். அடுத்தது, 'யூடிஎஃப்-8 வித் பாம்' என்று சேமித்துவிடுவது. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். அப்போது 'முதல் வரியில் தலைப்பு இல்லாமல் ஒரு விருப்பம் இருக்கிறது' என்கிற மாதிரி சொல்லும். முதல் வரியைப் பார்த்தால் வெறும் குறிப்பு வரிதான் இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். 'சேவ் அஸ்' போய் கீழே என்கோடிங்கில் வெறும் யூடிஎஃப்-8 அல்லது ஆன்சி என்று மாற்றிச் சேமித்தால் போய்விடும். அப்புறம், மென்பொருள் கொடுத்தவர் பத்து வருஷத்துக்கு முந்தைய மை.இனியை 'இதைப் போடுங்க, வேகமா ஓடும்' என்று கொடுத்திருப்பார். அதில் கொயரி கேஷ் சைஸ் என்று ஒரு வரி இருந்தால் 8.0 எழும்பவே எழும்பாது. அந்த வசதியையே 8.0-இல் எடுத்துவிட்டார்கள். தெரியாத விருப்பத்தைக் கண்டால் அதைத் தாண்டிப் போகிற பழக்கம் மைஎஸ்கியூஎல்லுக்குக் கிடையாது, அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்த வரியை அழித்தால் போதும்.

இரண்டாவது கதவு அனுமதி. கன்சோலில் தட்டினால் நன்றாக ஓடுகிறது, சர்வீஸாகத் தொடங்கினால் மட்டும் நிற்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான். கன்சோலில் ஓட்டுவது நீங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர். சர்வீஸை ஓட்டுவது 'நெட்வொர்க் சர்வீஸ்' என்கிற இன்னொரு கணக்கு. உங்கள் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது, வேலையாளிடம் இல்லை. டி டிரைவின் மேல்மட்டத்தில் நேராக ஃபோல்டர் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தத் தொந்தரவு வராது. டாக்குமெண்ட்ஸுக்குள்ளோ டெஸ்க்டாப்பிலோ வைத்தால் வரும். லாக்கில் பிழை எண் 13, அனுமதி மறுப்பு என்று இருக்கும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், ஆட் என்று போய், நெட்வொர்க் சர்வீஸ் என்று தட்டி, ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள். சிலர் சர்வீஸையே லோக்கல் சிஸ்டம் கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் கடையில் எல்லாக் கதவுக்கும் சாவி வேலையாளிடம் கொடுப்பது மாதிரி அது. எனக்குச் சம்மதமில்லை. ஒன்டிரைவ் பார்த்துக்கொண்டிருக்கிற ஃபோல்டருக்குள் மட்டும் டேட்டாவை வைக்கவே வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற கோப்பை அது தூக்கிக்கொண்டு மேலே அனுப்பப் பார்க்கும்.

மூன்றாவது, ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்பது. புதிய இடத்தில் காலி ஃபோல்டரை மட்டும் உண்டாக்கிவிட்டுப் பாதையை மாற்றினால் போதாது. சர்வீஸை நிறுத்திவிட்டு, பழைய டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கிற அத்தனையையும் நகல் எடுக்க வேண்டும். உங்கள் டேட்டாபேஸ் பெயரில் இருக்கிற ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போட்டால் ஆகாது. மைஎஸ்கியூஎல்.ஐபிடி, ஐபிடேட்டா1, ரீடூ லாக் இருக்கிற ஃபோல்டர், எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு உடம்பு. கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் சோறு ஊட்டச் சொன்னால் எப்படி? உங்களுக்கு இன்னும் பழைய கணக்கே ஏற்றவில்லை என்றால் நகலும் வேண்டாம். ஃபோல்டரைக் காலியாக வைத்து, மேலே சொன்ன அதே கன்சோல் கட்டளையில் கன்சோலுக்கு முன்னால் இரட்டைக் கோட்டோடு இனிஷியலைஸ் என்று சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். புதிதாக எல்லாம் உண்டாக்கி, ரூட் என்கிற தலைமைக் கணக்குக்குத் தற்காலிக பாஸ்வேர்டு ஒன்றைத் திரையில் காட்டும். கண்டபடி குறிகளோடு இருக்கும், அப்படியே நகல் எடுத்து வையுங்கள். ஃபோல்டரில் ஏதாவது கிடந்தால் 'உள்ளே கோப்பு இருக்கிறது' என்று சொல்லி இனிஷியலைஸ் மறுத்துவிடும். அது நல்லதற்குத்தான்.

பதிப்பு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையின் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டர் போனது போனதுதான். நல்ல வேளையாக டேட்டா ஃபோல்டரின் நகல் மாடியில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. வேறு கம்ப்யூட்டரில் மைஎஸ்கியூஎல் போட்டு அதை உள்ளே வைத்தேன், எழும்பவில்லை. முதலில் கையில் இருந்த பழைய இன்ஸ்டாலரைப் போட்டிருந்தேன். டேட்டாவோ அதைவிடப் புதிய பதிப்பு தொட்டது. புதிய பதிப்பு ஒரு தடவை தொட்டுவிட்ட டேட்டாவைப் பழைய பதிப்பு ஏற்றுக்கொள்ளாது. லாக்கில் 'டவுன்கிரேடு' என்ற வார்த்தையோடு அப்படியே எழுதியிருந்தது. அதே பதிப்பை இறக்கிப் போட்டதும் ஒரே தட்டில் எழுந்தது. கடைக்காரர் சாமி கும்பிட்டார். நான் லாக்கைக் கும்பிட்டேன்.

நான்காவது கதவு போர்ட், அதாவது மற்ற நிரல்கள் வந்து சர்வரிடம் பேசுகிற வாசல் எண். உங்கள் எக்ஸாம்ப் இங்கேதான் குறுக்கே வரும். எக்ஸாம்ப் பலகையில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மரியாடிபி என்கிற இன்னொரு டேட்டாபேஸ். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், 2009-இல் தனியாகப் பிரிந்து போனது. பிரிந்தாலும் இரண்டும் உட்காரக் கேட்கிற நாற்காலி ஒன்றேதான்: 3306. யார் முதலில் வருகிறாரோ அவர் உட்கார்ந்துவிடுவார், இரண்டாவது வருகிறவர் 'இந்த போர்ட்டில் ஏற்கெனவே இன்னொரு சர்வர் ஓடுகிறதா?' என்று லாக்கில் கேள்வி கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார். காலையில் ஓடுகிறது, மத்தியானம் ஓடவில்லை, திரும்பப் போட்டால் ஓடுகிறது என்று விட்டுவிட்டு வருகிற நோய்க்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஸ்டாட், இடைவெளி, கழித்தல் குறியோடு ஏஎன்ஓ என்று தட்டுங்கள். 3306 வருகிற வரியில் கடைசியில் ஓர் எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பிஐடி என்கிற நெடுவரிசையில் அதே எண்ணைத் தேடினால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கடைக் கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்பேன். அதில் உங்கள் கல்லூரி புராஜெக்ட் இருக்கிறது என்றால் அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அதன் டேட்டா ஃபோல்டரை மைஎஸ்கியூஎல் 8.0-க்குள் தூக்கி வைத்து ஓட்ட முடியாது. இரண்டும் வேண்டும் என்றால் ஒன்றை 3307-க்கு மாற்றலாம். அப்போது பில் மென்பொருளிலும் போர்ட் எண்ணை மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு 'சர்வர் ஓடுது, பில் மட்டும் வரல' என்று அடுத்த கேள்வி வரும்.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டது ஏன் உதவவில்லை என்றால், அழித்தது புரோகிராம் ஃபைல்ஸில் இருந்ததை மட்டும். புரோகிராம்டேட்டாவில் இருக்கிற டேட்டாவும் மை.இனியும் பல சமயம் அப்படியே தங்கிவிடும். அது தங்குவது உங்கள் கணக்கைக் காப்பாற்றத்தான், அதனால் குறை சொல்ல முடியாது. அடுத்த தடவை போடும்போது புது ரூட் பாஸ்வேர்டு கேட்காமல் பழையதைக் கேட்டால் பழைய டேட்டா உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். உண்மையிலேயே காலியாகத் தொடங்க வேண்டும் என்றால், கணக்கு எதுவும் உள்ளே இல்லை என்று உறுதியான பிறகு, புரோகிராம்டேட்டாவில் இருக்கிற மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். அழிக்காதீர்கள், பெயர் மட்டும் மாற்றுங்கள். பழைய சர்வீஸ் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்சி டிலீட் மைஎஸ்கியூஎல்80 என்று தட்டினால் போய்விடும். அப்புறம் போடுங்கள்.

'அழிக்காதீர்கள்' என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009 வாக்கில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. மின்சாரம் போய் வந்த பிறகு மைஎஸ்கியூஎல் எழும்பவில்லை. நான் அப்போது கொஞ்சம் கெட்டிக்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த வயது. எங்கேயோ படித்ததை நம்பி ஐபிடேட்டா1-ஐயும் லாக் கோப்புகளையும் அழித்தேன். சர்வர் ஜம்மென்று எழுந்தது. டேபிள் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தேன், 'அப்படி ஒரு டேபிள் இல்லை' என்றது. அடுத்ததைத் திறந்தேன், அதுவும் இல்லை. அந்தக் காலப் பதிப்பில் இன்னோடிபி என்கிற சேமிப்பு முறையில் இருந்த டேபிள்களின் உள்ளடக்கம் முழுவதும் அந்த ஒரே கோப்புக்குள்தான் இருக்கும், வெளியே தெரிந்தது வெறும் பெயர்ப் பலகை. கடைசி பேக்கப் பதினொரு நாள் பழையது. அந்தப் பதினொரு நாள் பில்லையும் கார்பன் நகல் புத்தகத்தைப் பார்த்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்றினோம். ஆலைக் கணக்கர் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எண்ணை வாசிக்க, நான் தட்ட. ஒரு வார்த்தை திட்டவில்லை. விடியும்போது மட்டும், "தம்பி, நெல்லு மூட்டையில பூச்சி விழுந்தா மூட்டையையா கொளுத்துவாக?" என்றார். அதற்குப் பிறகு நான் எந்த டேட்டா ஃபோல்டரிலும் முழு நகல் எடுக்காமல் கை வைத்ததில்லை. மின்வெட்டுக்குப் பிறகு எழும்பாத சர்வருக்கு இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி என்று ஒரு வழி இருக்கிறது. 1-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும், எழுந்ததும் எல்லாவற்றையும் டம்ப், அதாவது திரும்ப ஏற்றக்கூடிய நகலாக, எடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். 4-ஐத் தொட்டாலே இருக்கிற டேட்டா நிரந்தரமாகக் கெடலாம்; நகல் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

உபுண்டு லினக்ஸில் போட்டவர்களுக்கும் கதை இதேதான், இடங்கள் வேறு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டுவது தலைப்புச் செய்தி, வார் ஃபோல்டரில் லாக், அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் எர்ரர்.லாக்கில் இருப்பதுதான் செய்தி. டேட்டா ஃபோல்டரை மாற்றி, உரிமையையும் மைஎஸ்கியூஎல் கணக்குக்குச் சரியாகக் கொடுத்த பிறகும் அனுமதி மறுப்பு வந்தால் அது ஆப்ஆர்மர் என்கிற உபுண்டுவின் காவல்காரன் வேலை. புதுப் பாதையை அதனிடமும் சொல்ல வேண்டும். விண்டோஸில் இருந்த டேட்டா ஃபோல்டரைத் தூக்கி உபுண்டுவில் வைத்தால் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரத்தில் 8.0 நின்றுவிடும். டம்ப் எடுத்து ஏற்றுவதுதான் வழி. டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்பதையும் டிஎஃப் போட்டு ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை அது.

மைஎஸ்கியூஎல் இல்லை, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2019-ஓ 2022-ஓ புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் போட்டு, கடைசிப் படியில் 'ரெகவரி ஹேண்டில்' என்று ஏதோ சொல்லி நின்றுபோகிறது என்றால் அது முற்றிலும் வேறு சங்கதி. மை.இனியும் இல்லை, போர்ட்டும் இல்லை. சில என்விஎம்இ டிஸ்க்குகள் தங்கள் செக்டார், அதாவது ஒரு தடவையில் எழுதுகிற துண்டின், அளவு 4 கேபிக்கு மேல் என்று விண்டோஸ் 11-இடம் சொல்கின்றன. எஸ்கியூஎல் சர்வருக்குத் தெரிந்தது 512 பைட்டும் 4 கேபியும்தான். எஃப்எஸ்யுடில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டார்இன்ஃபோ என்று தட்டி சி டிரைவைக் கேட்டால் அளவைக் காட்டும். 4096-க்கு மேல் இருந்தால், அளவை 4 கேபி என்றே சொல்லும்படி ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்க்க மைக்ரோசாஃப்டே வழி எழுதி வைத்திருக்கிறது. அதைச் செய்து, கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்த பிறகு நிறுவ வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இதில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பே மோசம் என்று முடிவுகட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன் தம்பி. கோட்டைத் திருப்புங்கள், கன்சோலில் ஓட்டிப் பாருங்கள், ஓடினால் கண்ட்ரோல் சி போட்டு நிறுத்திவிட்டு சர்வீஸாகத் தொடங்குங்கள். எழுந்த பிறகு கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, தானாக எழுகிறதா என்றும் பாருங்கள். எக்ஸாம்ப் முந்திக்கொண்டால் அப்போதுதான் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், கன்சோல் கொட்டியதில் கடைசி நாற்பது வரியை எழுத்தாகவே நகல் எடுத்து அனுப்புங்கள், போனில் படம் பிடித்து வேண்டாம், பாதி வரி வெளிச்சத்தில் போய்விடுகிறது. தற்காலிக பாஸ்வேர்டு காட்டுகிற வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறவரை அந்த டேட்டா ஃபோல்டர் கிடக்கிறபடி கிடக்கட்டும்.